குளிரின் மேல் பழி போடாதீர்கள்: மலையகத்தில் ஸ்கூட்டர் பெட்டரி வாங்குவதும் பராமரிப்பதும்

லிந்துலையில் வசிக்கும் ஆசிரியை ஒருவரின் கேள்வி இது: “என்னுடைய 110 சிசி ஸ்கூட்டரில் ஒன்றரை வருடத்துக்குள் இரண்டு பெட்டரிகள் போய்விட்டன. காலையில் செல்ஃப் எடுக்காது, ‘டக் டக்’ என்ற சத்தம் மட்டும் வரும். பாடசாலை வீட்டிலிருந்து பத்து நிமிட ஓட்டம்தான். ‘இந்தக் குளிருக்கு எந்தப் பெட்டரியும் நிற்காது, 5 ஏ.எச்.சைக் கழற்றிவிட்டு 7 ஏ.எச். போடுங்கள்’ என்கிறார் கடைக்காரர் (ஏ.எச். என்பது அம்பியர் மணி, பெட்டரியின் கொள்ளளவு). வாங்கலாமா? வாங்கினால் எப்படிப் பராமரிப்பது?”

டீச்சர், இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதிதான் மூன்றாவது பெட்டரிக்கும் உங்களிடம் காசு வாங்கப் போகிறது.

குளிரில் பெட்டரி தளர்ந்துபோவது உண்மைதான். ஈயத் தகட்டுக்கும் அசிட்டுக்கும் இடையே நடக்கும் வினை குளிரில் மெதுவாகிவிடும். 25 பாகை செல்சியஸில் தரும் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைத்தான் பூச்சியப் பாகையில் ஒரு பெட்டரி தரும். எஞ்சின் ஒயிலும் அதே நேரத்தில் தடித்துப்போவதால், பலம் குறைந்த நேரத்தில் பாரம் கூடுகிறது. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவிலும் அக்கரப்பத்தனைப் பக்கத்திலும் தேயிலைக் கொழுந்து பனியில் கருகும் காலைகளில் செல்ஃப் முனகுவதற்கு இதுதான் காரணம்.

ஆனால் ஆயுள் என்று பார்த்தால் கணக்கு தலைகீழ். ஈய-அசிட் பெட்டரிக்கு எமன் வெப்பம்தான். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட அளவுகோல். யாழ்ப்பாணத்து வெயிலிலோ கொழும்பு வாகன நெரிசலிலோ வேகும் ஸ்கூட்டரின் பெட்டரியைவிட, லிந்துலையில் நிற்கும் உங்கள் பெட்டரி கூடுதல் காலம் உழைத்திருக்க வேண்டும். ஒன்றரை வருடத்தில் இரண்டு போயிருக்கிறதென்றால் அவற்றை வேறு ஏதோ ஒன்று கொன்றிருக்கிறது. குளிர் அந்தச் செய்தியைக் காலையில் சொல்ல வந்தது, அவ்வளவுதான். (பனி விழும் இரவில் உள்ளே அசிட் உறைந்துவிடுமோ என்றும் சிலர் கேட்பதுண்டு. நன்றாகச் சார்ஜ் ஏறிய பெட்டரியின் அசிட் உறைய, பூச்சியத்துக்குக் கீழே 50 பாகைக்கும் அப்பால் போக வேண்டும். நம் நாட்டில் அந்தப் பயம் தேவையில்லை.)

என் சந்தேகம் முதலில் உங்கள் பத்து நிமிடப் பாதையின் மேல்தான். ஒரு தோராயக் கணக்குப் பாருங்கள். செல்ஃப் ஒரு தடவை சுற்றும்போது சில விநாடிகளுக்குப் பல பத்து அம்பியர் இழுக்கும். குளிரில் நான்கைந்து தடவை அழுத்தினால் இழப்பும் அத்தனை மடங்காகும். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியது, எஞ்சின் சுழலும்போது மின்சாரம் உண்டாக்கும் மெக்னட் கொயில். தோட்டப் பாதையில் குழிக்குக் குழி வேகத்தைக் குறைத்து, முன்விளக்கைப் போட்டுக்கொண்டு, கொழுந்து லொறிக்கு வழிவிட்டு நின்று போகும் ஓட்டத்தில் எஞ்சினின் சுழற்சி குறைவு. முன்விளக்குக்கும் பிரேக் விளக்குக்கும் போக மிஞ்சுவதுதான் பெட்டரிக்குப் போகும். அதையும் குளிர்ந்த பெட்டரி மெதுவாகத்தான் உள்வாங்கும். காலையில் எடுத்தது முழுதாகத் திரும்பி வருவதில்லை. இப்படி நாள்தோறும் கொஞ்சம் குறைந்துகொண்டே போய், முக்கால், அரை என்று நிரந்தரமாகக் குறை சார்ஜில் கிடக்கும் பெட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட்டு கெட்டியான பளிங்காகப் படிந்துவிடும். கராஜில் “தகடு வெளுத்துவிட்டது” என்பார்கள். முற்றிவிட்டால் எந்தச் சார்ஜராலும் மீட்க முடியாது.

அதற்கு மேல் தவணை விடுமுறை. வண்டி வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும். 2022இல் எரிபொருள் இல்லாமல் வண்டிகள் வீட்டோடு கிடந்தபோது நாடு முழுவதும் எத்தனை பெட்டரிகள் இப்படிச் செத்தன என்பதைப் பெட்டரிக் கடைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். சும்மா நிற்கும் வண்டி மின்சாரம் எடுக்காது என்று நினைக்க வேண்டாம். பூட்டுக்கு ரிமோட் அலாரம் பொருத்தியிருந்தால், அது 20 மில்லி அம்பியர் தின்றாலும் ஒரு நாளைக்கு 0.48 அம்பியர் மணி. பத்து நாளில் உங்கள் 5 ஏ.எச். பெட்டரி வெறுமையாகிவிடும்.

சந்தேகத்தை உறுதிப்படுத்த ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். மலிவானதே போதுமானது. எந்த ஹார்ட்வெயார் கடையிலும் கிடைக்கும். இல்லாவிட்டால் பக்கத்துக் கராஜில் இரவல் கேளுங்கள்.

வண்டியை இரவு முழுக்க நிறுத்திவிட்டு, காலையில் சாவி போடுவதற்கு முன் பெட்டரியின் இரு முனைகளிலும் வோல்ட் பாருங்கள். 12.6க்கு மேல் என்றால் சார்ஜ் நிறைவு. 12.4 முக்கால் பங்கு, 12.2 பாதி, 12 என்றால் கால் பங்குதான் மிச்சம். மூடிய ஏ.ஜி.எம். வகை (அசிட் கண்ணாடி நார் விரிப்பில் ஊறியிருப்பது) நல்ல நிலையில் 12.8ஐத் தாண்டியும் காட்டும். முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பிறகும் 10.5 அருகிலேயே நிற்கிறதென்றால் ஆறு அறைகளில் ஒன்று செத்துவிட்டது என்று பொருள், ஏனென்றால் ஓர் அறைக்கு 2.1 வோல்ட். அப்படியானால் அந்தப் பெட்டரியை மறந்துவிடலாம்.

அடுத்து, மீட்டரை எடுக்காமலே செல்ஃபை அழுத்துங்கள். நல்ல பெட்டரி 10 வோல்ட்டுக்குக் கீழே அதிகம் இறங்காது. 12.6 காட்டிய பெட்டரி அழுத்தியதும் 7, 8 என்று விழுந்தால் தகடு போய்விட்டது. இதற்கு மாறாக வோல்ட் 12லேயே நின்று, ‘டக்’ சத்தம் மட்டும் வந்தால் பெட்டரி நிரபராதி. செல்ஃப் ரிலே, மோட்டார் பிரஷ், எர்த் வயர், துருப்பிடித்த டெர்மினல் ஆகியவற்றில் ஒன்றுதான் குற்றவாளி. ஆடி மழையில் நனையும் ஹட்டன், நோர்வூட் பக்கத்து வண்டிகளில் எர்த் வயரின் நுனி பச்சை பூத்து இந்த வேலையைச் செய்வது சகஜம். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினாலே பல ‘செத்த’ பெட்டரிகள் உயிர்பெற்றுவிடும். புதுப் பெட்டரி போட்டதும் வண்டி சரியாகிவிட்டது என்று நினைப்பவர்களில் சிலருக்கு உண்மையில் சரியானது, மாற்றும்போது கழற்றி மாட்டிய அந்த டெர்மினல்தான்!

மூன்றாவது சோதனையைத்தான் யாரும் செய்வதில்லை. உங்களுக்கு மிக முக்கியமானதும் அதுதான். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி (பின் சக்கரம் சுழலும், சேலையும் பிள்ளைகளும் பக்கத்தில் இருக்கக் கூடாது) ஸ்டார்ட் செய்து, முன்விளக்கைப் போட்டு, மெதுவாக ரேஸ் கொடுங்கள். மீட்டர் 13.8இலிருந்து 14.5க்குள் வந்து நிற்க வேண்டும். ரேஸ் கொடுத்தும் 13ஐ எட்டவில்லையென்றால் சார்ஜே ஏறவில்லை. கொயில், சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், அல்லது இரண்டையும் இணைக்கும் கருகிப்போன பிளாஸ்டிக் கனெக்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. பெட்டரி உள்ளே கொதித்து வற்றிக்கொண்டிருக்கும். இந்த இரண்டில் எது இருந்தாலும் நீங்கள் எத்தனை பெரிய பெட்டரி போட்டாலும் சில மாதங்களில் அதையும் தூக்கிப் போட வேண்டியதுதான். முதல் பெட்டரி போனபோதே இதைப் பார்த்திருந்தால் இரண்டாவது தேவைப்பட்டிருக்காது.

அலாரம் இருந்தால் நான்காவதாக ஒன்று. சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் பெட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை 10 அம்பியர் நிலையில் வைத்துப் பாருங்கள். பிறகு மில்லி அம்பியருக்கு மாற்றலாம். சில மில்லி அம்பியருக்கு மேல் ஓடினால் ஏதோ திருடுகிறது. மீட்டர் இப்படி இருக்கும்போது மறந்தும் செல்ஃபை அழுத்தாதீர்கள், மீட்டரின் பியூஸ் போய்விடும்.

இத்தனைக்கும் பிறகு பெட்டரிதான் போயிருக்கிறது, சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறது என்றால் வாங்குங்கள். அப்போது 7 ஏ.எச். போடலாமா? வேண்டாம். 5 ஏ.எச். பெட்டரியும் 7 ஏ.எச். பெட்டரியும் அடிப்பகுதியில் பெரும்பாலும் ஒரே அளவுதான்: 114 மில்லிமீற்றர் நீளம், ஏறத்தாழ 71 அகலம். உயரத்தில்தான் வித்தியாசம். 5 ஏ.எச். 106 மில்லிமீற்றர் அளவில் இருக்கும், 7 ஏ.எச். 131ஐத் தொடும். பெட்டி மூடி மூடாது, மூடினாலும் முனைகள் தகரத்தில் உரசும். அதைவிடப் பெரிய விஷயம், உங்கள் கொயில் தரும் சார்ஜ் கூடப்போவதில்லை. பத்து நிமிடத்தில் 5 ஏ.எச்.சையே நிரப்ப முடியாத வண்டி 7 ஏ.எச்.சை எப்படி நிரப்பும்? சின்ன பீலியில் ஒழுகும் தண்ணீருக்கு வாளியை மாற்றிப் பயன் இல்லை.

ஆகவே பழைய பெட்டரியின் மேலே அச்சடித்திருக்கும் 12 வோல்ட், 5 ஏ.எச். என்ற அதே அளவையே கேளுங்கள். பிளஸ் முனை எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள். ‘வை.டி.எக்ஸ். 5 எல் - பி.எஸ்.’ என்பது போன்ற குறியீட்டில் ‘எல்’ என்ற எழுத்து, முனைகள் உங்களை நோக்கி இருக்கும்போது பிளஸ் வலப்பக்கம் இருக்கும் என்பதைக் காட்டும். பக்கம் மாறியதை வாங்கி வயரை இழுத்து மாட்டுவது பியூஸுக்கும் ரெகுலேட்டருக்கும் கேடு.

வகையில் எனக்குத் தயக்கமே இல்லை: தோட்டப் பாதையில் ஓடும் வண்டிக்கு மூடிய ஏ.ஜி.எம். அதில் அசிட், கண்ணாடி நார் விரிப்பில் ஊறியிருக்கும். தகடுகள் அந்த விரிப்புகளுக்கு நடுவே நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும். கல் பெயர்ந்த பாதையில் குலுங்கினாலும் தகட்டுப் பசை உதிர்வது குறைவு, சரிந்தாலும் அசிட் கொட்டாது. ஆறு மூடிகளைக் கழற்றித் தண்ணீர் ஊற்றும் பழைய வகை விலை குறைவு, மிகைச் சார்ஜைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும் என்பதும் உண்மை. ஆனால் குலுக்கலுக்கு முன் அது நிற்பதில்லை. தண்ணீர் மட்டம் பார்ப்பதற்கும் நேரம் வேண்டும். ‘ஜெல்’ என்று சொல்லி விற்கப்படுபவற்றில் பல உண்மையில் ஏ.ஜி.எம்.தான், அந்தச் சொல்லுக்காக மேலதிகமாகக் கொடுக்காதீர்கள். லித்தியம் பெட்டரி இலேசானது, விலை கூடியது, குளிரில் அதுவும் சோம்பல்படும். நம் பக்கத்து ஸ்கூட்டருக்கு அது வீண் ஆடம்பரம். தகட்டை மாற்றி ‘ரீகண்டிஷன்’ செய்ததாகச் சொல்லப்படும் பெட்டரியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பிராண்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் அதிகம் சொல்லப் போவதில்லை. எக்ஸைட், அமரோன் என்று பெயர் தெரிந்த எதுவும் சரிதான். பெயரைவிட அது கடையில் எத்தனை மாதம் தூங்கியது என்பதே முக்கியம். உற்பத்தித் திகதியைக் கேளுங்கள், மீட்டரைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே வோல்ட் பாருங்கள். 12.4க்குக் கீழே காட்டும் ‘புது’ பெட்டரியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதன் தகடு கடையிலேயே வெளுக்கத் தொடங்கியிருக்கும். பி.எஸ். வகை என்றால் அசிட் தனிப் போத்தலில் இருக்கும், ஊற்றும் வரை அது பழுதடையாது. ஊற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். கூட வந்த போத்தல் அசிட்டைத்தான் ஊற்ற வேண்டும். கேனில் இருக்கும் பொது அசிட்டின் செறிவு இதற்குப் பொருந்தாது.

இனி, இரண்டு பெட்டரிகளையும் கொன்றதில் பங்குள்ளதாக நான் நினைக்கும் இன்னொன்று: முதல் சார்ஜ். அசிட் ஊற்றியவுடன் பெட்டரி 12.5 காட்டும், செல்ஃபும் சுற்றும். “ஓட ஓட ஏறிவிடும்” என்று சொல்லி அப்படியே மாட்டி அனுப்பிவிடுவார்கள். அது நிறைந்த பெட்டரி அல்ல. ஊற்றிய பிறகு அரை மணி நேரமாவது ஊறவிட்டு, கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 5 ஏ.எச்.சுக்கு 0.5 அம்பியரில், ஐந்து முதல் பத்து மணி நேரம் சார்ஜ் ஏற்ற வேண்டும். பெட்டரியின் மேலேயே இது அச்சிட்டிருக்கும், படிக்கத்தான் ஆள் இல்லை. முதல் சார்ஜ் குறைந்த பெட்டரி பிறகு ஒருபோதும் தன் முழுக் கொள்ளளவுக்கு வராது. பத்து நிமிடம் ஓடும் வண்டியில் அதற்கு வழியே இல்லை.

அதற்காக லொறி பெட்டரிகளைச் சார்ஜ் செய்யும் கடையில் கொடுத்துவிட்டும் வராதீர்கள். அங்கே எல்லாப் பெட்டரிகளையும் ஒரே வரிசையில் தொடராக மாட்டியிருப்பார்கள். லொறிப் பெட்டரிக்குப் போகும் அதே அம்பியர் உங்கள் சின்னப் பெட்டரிக்குள்ளும் போய் அதைக் கொதிக்க வைத்துவிடும். மோட்டார் சைக்கிளுக்கென்றே விற்கும் சிறிய தானியங்கிச் சார்ஜர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், 0.5 அல்லது 1 அம்பியர் வகை. 14.4 வரை ஏற்றி, நிறைந்ததும் தானாகக் குறைத்துக்கொள்ளும். ரவுட்டருக்கும் கமெராவுக்கும் வரும் 12 வோல்ட் அடாப்டரால் இந்த வேலை ஆகாது, 12.7இல் இருக்கும் பெட்டரிக்குள் 12 வோல்ட்டைத் தள்ள முடியாது.

அந்தச் சார்ஜர்தான் உங்கள் கேள்விக்கு உண்மையான மருந்து. பாடசாலை நாட்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, சனிக்கிழமை இரவு மாட்டிவிட்டு ஞாயிறு காலையில் கழற்றுங்கள். தவணை விடுமுறையென்றால் முதலில் முழுச் சார்ஜ், பிறகு நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு ஊருக்குப் போங்கள். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைப்பது பலருக்குப் பழக்கம். ஸ்டார்ட் செய்ய எடுத்ததைக்கூட அது திருப்பித் தராது. ஞாயிறில் தலவாக்கலை, ஹட்டன் என்று அரை மணி நேரத்துக்கு மேல் ஒரு ஓட்டம் போய் வந்தால் அது வேறு கதை.

சார்ஜ் செய்யும் இடம் பற்றி ஓர் எச்சரிக்கை. சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வாயு வரலாம், சிறு பொறி போதும். லயன் வீட்டில் அடுப்பு எரியும் அறைக்குள் வைக்கவே கூடாது. இஸ்தோப்பில், காற்றோட்டமாக, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். இந்த வரிசை தவறினால் ஸ்பானர் பிளஸிலிருந்து சேஸியில் பட்டுப் பொறி பறக்கும்.

மற்றப் பராமரிப்பு கொஞ்சம்தான். முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அப்பச் சோடாவை வெந்நீரில் கரைத்து பழைய பல் துலக்கியால் தேய்த்து, காயவைத்து, மாட்டி இறுக்கியபின் வாஸ்லைன் பூசுங்கள். மழைக்காலத்துக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை போதும். பெட்டரிக்கு அடியில் ரப்பர் விரிப்பு இருக்கிறதா, பட்டி இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். பெட்டிக்குள் ஆடும் பெட்டரி அக்கரப்பத்தனைப் பாதையில் நீண்ட நாள் தாங்காது.

உங்கள் உறவினர் யாரிடமாவது மூடியைக் கழற்றித் தண்ணீர் ஊற்றும் பழைய வகை இருந்தால் இதையும் சொல்லிவிடுங்கள்: மட்டம் குறைந்தால் ஊற்ற வேண்டியது காய்ச்சி வடித்த பெட்டரித் தண்ணீர் மட்டுமே, திரும்ப அசிட் ஊற்றக் கூடாது. “எங்கள் பீலித் தண்ணீரைவிடச் சுத்தமானது எது” என்று ரோஷப்படுவார்கள். குடிக்கச் சுத்தம்தான், ஆனால் மலைக் கல்லின் உப்புகள் அதில் கரைந்திருக்கும். கொதிக்க வைத்து ஆற்றினாலும் அந்த உப்பு போகாது. பக்கவாட்டில் வரும் வெளியேற்றுக் குழாய் மடியாமல், செயினில் அசிட் சொட்டாத பக்கமாக இறங்க வேண்டும்.

இன்னொரு பழக்கம், எரிபொருள் மிச்சம் என்று இறம்பொடை வளைவுகளிலும் கினிகத்தேனை இறக்கத்திலும் எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டுவது. விளக்கும் ஹோர்னும் அப்போது பெட்டரியை மட்டும் நம்பி ஓடும். எஞ்சினின் பிடிப்பு இல்லாமல் பிரேக் சூடேறுவது அதைவிட ஆபத்து. பெட்டரியை விடுங்கள், உயிருக்காகவாவது அதைச் செய்யாதீர்கள்.

கடும் குளிர் காலையில் செல்ஃபை ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம், இடையில் அரை நிமிடம் விடுங்கள். கிக் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். காபரேட்டர் வண்டி பெட்டரி படுத்திருந்தாலும் பெரும்பாலும் கிக்கில் எடுத்துவிடும். எரிபொருள் உட்செலுத்தும் வகை அப்படியல்ல, பம்புக்கும் கணினிக்கும் வோல்ட் இல்லாவிட்டால் எத்தனை மிதித்தாலும் பலன் இல்லை. மாணவர்களைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லவும் முடியாது, கியர் இல்லாத ஸ்கூட்டர் தள்ளினால் ஸ்டார்ட் ஆகாது.

பழைய பெட்டரிகள் இரண்டையும் வைத்திருக்கிறீர்களா? ஓடையிலோ தேயிலைச் சரிவிலோ எறிந்துவிடாதீர்கள். உங்கள் பக்கத்து ஓடை கொத்மலை ஓயாவில் சேர்ந்து மேல் கொத்மலை நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, ஈயம் அங்கே போய்ச் சேரக் கூடாது. புதியது வாங்கும்போது இரண்டையும் கையோடு கொண்டுபோய் விலையில் கழிக்கச் சொல்லுங்கள், பில்லிலும் உத்தரவாத அட்டையிலும் திகதி எழுதி வாங்குங்கள். கழிக்க மறுக்கும் கடையென்றால் பஸ் ஏறி அடுத்த ஊர்க் கடைக்குப் போங்கள். செத்த பெட்டரியின் ஈயத்துக்கும் விலை உண்டு.